திட்டு வாங்கிய படமா, கவனிக்கப்படாத படமா: எதிலிருந்து தொடங்குவது?

பழைய படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கிய எவரிடமும் ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். தடை செய்யப்பட்ட படம், வெளியான வாரத்திலேயே அரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்ட படம், விமர்சகர்கள் கூடிநின்று திட்டிய படம், யாரும் பார்க்காமலேயே பெட்டிக்குள் போன படம். எல்லாமே யார் சொல்லுக்கும் வளையாமல் தன் போக்கில் படமெடுத்தவர்களுடையவை. பல ஆண்டுகள் கழித்து யாராவது ஒருவர் வந்து, அன்று இதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பார். பட்டியல் நீள்கிறது, பார்ப்பது தள்ளிப்போகிறது. எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பம்தான் பெரும்பாலும் காரணம்.

அதிகம் சர்ச்சைக்குள்ளானதிலிருந்து தொடங்குங்கள் என்பது வழக்கமான பதில். அதை நான் ஏற்கவில்லை. சர்ச்சைக்குப் பெயர்போன படத்தின் முன் நாம் பார்வையாளராக உட்காருவதில்லை, தீர்ப்புச் சொல்ல உட்காருகிறோம். 'இதற்கா இவ்வளவு கூச்சல்?' என்றோ, 'திட்டியது சரிதான்' என்றோ ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். படத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கும். அது நம் கண்ணில் படாமலேயே போய்விடும். கவனிக்கப்படாத படத்தின் மேல் வழக்கு ஏதும் இல்லை. அங்கே நமக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

இந்த எண்ணத்தோடு ஆறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகக் காயப்பட்டது. எந்தக் காயம், எந்த வடிவம் இப்போது கிடைக்கிறது, சர்ச்சை ஓய்ந்த பிறகு படத்தில் என்ன மிஞ்சுகிறது என்ற மூன்றும்தான் என் அளவுகோல்கள்.

திட்டு வாங்கிய படங்களில் முதலில் நினைவுக்கு வருவது மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' (1960). பவல் அப்போது புதியவர் அல்லர். எமரிக் பிரஸ்பர்கரோடு இணைந்து 'தி ரெட் ஷூஸ்' (1948) போன்ற படங்களைத் தந்து, பிரிட்டிஷ் சினிமாவின் பெருமைகளில் ஒருவராக இருந்தவர். இந்தப் படத்தின் நாயகன் மார்க் லூயிஸ், ஸ்டூடியோ ஒன்றில் கேமராவின் குவியத்தைச் சரிசெய்யும் உதவியாளன். கேமரா முக்காலியின் ஒரு காலில் கத்தியை மறைத்து வைத்திருக்கிறான். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் எழும் அச்சத்தைப் படம்பிடித்து, இரவில் தன் இருட்டறையில் ஓட்டிப் பார்க்கிறான். லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. 'ட்ரிப்யூன்' இதழில் டெரக் ஹில், இந்தப் படத்தை அள்ளிப் பக்கத்துச் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்ற பொருளில் எழுதினார். படம் அரங்குகளிலிருந்து விரைவிலேயே மறைந்தது. பவலுக்குப் பிரிட்டனில் இருந்த மதிப்பு அதன்பின் பல ஆண்டுகள் திரும்பவில்லை.

அதே ஆண்டில்தான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வும் வந்து பெரும் வெற்றி பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பவலை மட்டும் ஏன் மன்னிக்கவில்லை என்பது விளங்கும். 'சைக்கோ' கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து, நம்மைப் புதிருக்குள் பத்திரமாக உட்காரவைக்கிறது. பவல் தொடக்கத்திலேயே ஒரு கொலையைக் காட்டிவிடுகிறார். அதுவும் கொலையாளியின் கேமராக் கண் வழியாக. அது முடிந்தவுடன், எழுத்துகள் ஓடும்போது, அதே காட்சி கறுப்பு வெள்ளையில் மறுபடி ஓடுகிறது. இப்போது அது அவனுடைய அறையின் திரையில் ஓடுகிறது. அவனோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். ஒரே கொலையை முதலில் செய்பவனாகவும் பிறகு ரசிப்பவனாகவும் பார்த்துவிடுகிறோம். படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது எங்கே சுட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மார்க்கின் தந்தை அச்சத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. மகனையே சோதனைப் பொருளாக்கி, அவன் படுக்கையில் பல்லியை விட்டு, அவன் மிரள்வதைப் படம்பிடித்தவர். அந்தப் பழைய படச்சுருள்களில் தந்தையாகத் தோன்றுபவர் பவல். சிறுவன் மார்க்காகத் தோன்றுபவன் பவலின் சொந்த மகன் கொலம்பா. தன் தொழிலின் மீது இவ்வளவு கடுமையான குற்றச்சாட்டைத் தன் முகத்தையும் தன் பிள்ளையின் முகத்தையும் முன்னிறுத்திச் சொன்ன இயக்குநர் வேறொருவரை எனக்குத் தெரியாது.

1979-இல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் முயற்சியால் இது நியூயார்க் திரைப்பட விழாவுக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பாடநூல்களுக்குள்ளும் போய்விட்டது. நல்ல பிரதி எளிதாகக் கிடைக்கிறது. நீளமும் 101 நிமிடங்கள்தான். முதல் தேர்வாக வைக்க எல்லாத் தகுதியும் இருந்தும் நான் தயங்குவது ஒரே காரணத்துக்காக. இதைப் பற்றி அவ்வளவு எழுதப்பட்டுவிட்டது. கேமரா என்றால் ஆயுதம், பார்ப்பது என்றால் வன்முறை என்ற விளக்கம் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் மார்க்கின் வீட்டில் குடியிருக்கும் ஹெலன் என்ற பெண்ணின் பார்வையற்ற தாய், காதுகளாலேயே அவனை அளந்துவிடும் அந்தப் பெண்மணி, விளக்கத்தைவிட எவ்வளவோ பெரியவள். விளக்கத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் அவளைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது காசு சம்பந்தப்பட்ட காயம். மைக்கேல் சிமினோ 'தி டீர் ஹன்டர்' (1978) படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் வாங்கிய கையோடு 'ஹெவன்ஸ் கேட்' எடுக்கப் போனார். செலவு சுமார் 4.4 கோடி டாலரைத் தொட்டது. 1980 நவம்பரில் நியூயார்க்கில் 219 நிமிடப் படமாக வெளியானது; விமர்சனங்கள் நொறுக்கின; ஒரு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. 1981-இல் 149 நிமிடமாகச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். அதுவும் எடுபடவில்லை. வசூல் 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. தயாரித்த யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அதே ஆண்டில் எம்ஜிஎம் கைக்குப் போனது. ஒரு படம் ஒரு நிறுவனத்தையே சாய்த்தது என்ற கதை இப்படித்தான் பிறந்தது. இயக்குநர்கள் கையில் சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட் பல ஆண்டுகள் இதையே உதாரணமாகக் காட்டியது.

கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்ப்போம். 1892-இல் வயோமிங் மாநிலத்தில் பெரிய கால்நடைப் பண்ணையார்கள், புதிதாகக் குடியேறிய ஏழை விவசாயிகளைக் கூலிப்படை வைத்து அடக்கப் பார்த்தது வரலாறு. சிமினோ அந்த வரலாற்றைத் தன் விருப்பத்துக்கு வளைத்துக்கொள்கிறார். படத்தில் பண்ணையார்கள் 125 பேரின் பெயர்களைக் கொலைப் பட்டியலில் எழுதுகிறார்கள். அந்தப் பெயர்கள் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்போது, பெயர் வந்தவர்களின் கதறல் அந்த மண்டபத்தை நிறைக்கிறது. அதே மண்டபத்தில்தான் ஊரே சக்கரக் காலணி அணிந்து பிடில் இசைக்குச் சுழன்று ஆடியது. ஆட்டத்துக்கு அவ்வளவு நேரம் கொடுத்தது ஏன் என்று அன்று எரிச்சலோடு கேட்டார்கள். வாசிக்கப்படும் பெயர்கள் ஆடிய மனிதர்களின் பெயர்கள் என்று நமக்குத் தெரிய வேண்டாமா? நீளத்தை வெட்டினால் சாவுக்கு எடையே இல்லாமல் போய்விடும். அதனால்தான் 149 நிமிட வடிவம், நேரத்தில் சிறியதாக இருந்தும், பார்க்க அதிகம் அலுப்பூட்டுகிறது.

ஆனாலும் இந்தப் படத்தின் மேலுள்ள எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளிவிட முடியாது. கோழிச் சண்டை உண்மையாக நடத்திப் படம்பிடிக்கப்பட்டது. போர்க் காட்சிகளில் குதிரைகள் வதைபட்டதாக அன்றே எதிர்ப்பு எழுந்தது. படப்பிடிப்புத் தளங்களில் விலங்குகள் மீதான கண்காணிப்பு இறுகியதற்கு இந்தப் படம் ஒரு முக்கியக் காரணம். கலைஞனின் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்களில் அந்தப் பிராணிகளும் உண்டு. மறுபார்வை என்ற பெயரில் அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2012-இல் சிமினோவே முன்னின்று 216 நிமிட வடிவத்தை மீட்டுத் தந்தார்; அது வெனிஸ் விழாவில் மரியாதையோடு வரவேற்கப்பட்டது. பார்ப்பதென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்ப்பதற்கான படம் இது அல்ல என்பது என் முடிவு. மூன்றரை மணி நேரப் பொறுமையை நம்மிடம் கேட்கும் உரிமை ஒரு படத்துக்கு உண்டு. அந்தப் பொறுமையை நாம் வேறு படங்களில் பழகிக்கொண்டு வருவது நல்லது.

அலெக்சாண்டர் அஸ்கோல்டவின் 'கமிஸார்' (1967) முற்றிலும் வேறு வகை. இங்கே திட்டுவதற்கு விமர்சகர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சோவியத் அதிகாரிகள் படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இயக்குநரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1987 மாஸ்கோ திரைப்பட விழாவின்போதுதான் அது திரையைக் கண்டது. அடுத்த ஆண்டு பெர்லினில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. அதற்குள் அஸ்கோல்டவின் இயக்குநர் வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் இதுதான்.

வசீலி கிராஸ்மனின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட படம். உள்நாட்டுப் போர்க்காலம். செம்படையின் பெண் கமிஸார் (படையோடு இருக்கும் கட்சி அதிகாரி) வவிலோவா கருவுற்றிருக்கிறாள். பிரசவம்வரை ஓர் ஏழை யூதத் தகரவேலைக்காரரின் வீட்டில் அவளைத் தங்கவைக்கிறார்கள். முரட்டுக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாய் வெளிவருவதும், அந்த வீட்டுப் பிள்ளைகள் ஊரில் பார்த்த வன்முறையைத் தங்களுக்குள் விளையாட்டாக நடித்துப் பார்ப்பதும் மறக்க முடியாதவை. குண்டுவீச்சுக்கு அஞ்சி எல்லோரும் நிலவறையில் ஒடுங்கியிருக்கும்போது, பின்னால் வரப்போகும் யூதப் படுகொலை ஒரு தரிசனம்போல் திரையில் விரிகிறது. புரட்சியின் ஐம்பதாம் ஆண்டில் இதைக் காட்டினால் தடை செய்யாமல் என்ன செய்திருப்பார்கள்? பின்னணி வரலாற்றை முன்பே ஓரளவு படித்துவிட்டுப் பார்த்தால் அதிகம் கிடைக்கும் படம் இது. மற்ற ஐந்துக்கும் அந்த முன்தயாரிப்பு வேண்டாம் என்பேன்.

இத்தாலிய இயக்குநர் பசோலினியின், சித்திரவதைக் காட்சிகள் நிறைந்த 'சலோ' (1975) ஏன் இந்த ஆறில் இல்லை என்று கேட்கலாம். அது முக்கியமான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பார்ப்பது ஒருவரின் மன வலிமையைப் பொறுத்தது. தாங்கிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக அதைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பசோலினிக்கு அது செய்யும் அவமரியாதை.

இனி கவனிக்கப்படாத படங்கள். பார்பரா லோடன் எழுதி, இயக்கி, நடித்த 'வாண்டா' (1970) ஏறத்தாழ 1,15,000 டாலரில், விரல்விட்டு எண்ணக்கூடிய குழுவோடு, 16 மி.மீ. கேமராவில் எடுக்கப்பட்டது. லோடன் மேடையில் டோனி விருது வாங்கிய நடிகை. திரைப்பட இயக்குநர் எலியா கசானின் மனைவி என்ற அடையாளம்தான் அவருக்கு அதிகம் ஒட்டியிருந்தது. வெனிஸ் விழாவில் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் மிகச் சில அரங்குகளில் ஓடி மறைந்தது. பெண்ணுரிமை பேசியவர்களில் சிலருக்கே இந்த நாயகி பிடிக்கவில்லை. எதிர்த்து நிற்காத, எதையும் கேட்காத ஒரு பெண்ணை எதற்குக் காட்ட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். லோடன் 1980-இல், 48 வயதில் இறந்தார். இரண்டாவது முழுநீளப் படம் எடுக்கவேயில்லை.

வங்கிக் கொள்ளையில் உடந்தையாக இருந்த ஒரு பெண், தனக்குச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதிக்கு நன்றி சொன்னாள் என்ற பத்திரிகைச் செய்திதான் லோடனைப் பிடித்துக்கொண்டது. என்ன வாழ்க்கை வாழ்ந்திருந்தால் சிறைக்கு நன்றி சொல்லத் தோன்றும்? படம் அந்தக் கேள்வியை ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்பதில்லை. பென்சில்வேனியாவின் நிலக்கரிக் கழிவு மேடுகளுக்கு நடுவே தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளி நகர்கிறது. நெடுநேரம் நகர்கிறது. அதுதான் வாண்டா. நீதிமன்றத்துக்குத் தாமதமாக, தலைமுடியைச் சுருளவைக்கும் உருளைகளோடு வருகிறாள். குழந்தைகள் அப்பாவிடம் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, மணவிலக்குக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறாள். தையல் ஆலையில் வேலை கேட்கிறாள். கை வேகம் போதாது என்று பதில் வருகிறது. திரையரங்கில் தூங்கிப்போகிறாள், பையிலிருந்த பணம் திருடு போகிறது.

பிறகு அவள் ஒரு மதுக்கடைக்குள் கழிப்பறை தேடி நுழைகிறாள். அங்கே நின்றுகொண்டிருப்பவன் கடைக்காரன் இல்லை, கொள்ளைக்காரன். உண்மையான கடைக்காரன் வாய் கட்டப்பட்டுக் கீழே கிடக்கிறான். அவளுக்கு அது தெரியாது. அவனோடு போய்விடுகிறாள். மிஸ்டர் டெனிஸ் என்றுதான் தன்னைக் கூப்பிட வேண்டும் என்கிறான் அவன். கால்சட்டை போடாதே, தலையில் உருளை கூடாது என்கிறான். காரின் ஜன்னல் வழியே அவள் பொருள்களை வீசி எறிகிறான். காதல் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஓரிடத்தில், அவள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துமுடித்ததும், நன்றாகச் செய்தாய் என்று அவன் சொல்கிறான். லோடனின் முகத்தில் அப்போது ஏற்படும் மாற்றத்தைப் பாருங்கள். அதுவரை அந்தப் பெண்ணிடம் யாருமே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்பதை ஒரே நொடியில் அறிந்துகொள்கிறோம். சினிமாவில் நான் கண்ட மிகத் துயரமான மகிழ்ச்சி அது.

இந்தப் படத்தில் பரிதாபத்தைத் தூண்ட இசையை வார்க்கவில்லை. வாண்டாவுக்கு விழிப்பு வந்தது, அவள் எழுந்து நின்றாள் என்ற ஆறுதலும் இல்லை. முடிவை இங்கே சொல்ல மாட்டேன். நமக்கு ஒரு கருத்து தேவைப்படும்போதெல்லாம் லோடன் ஒரு முகத்தைக் காட்டுகிறார். ஆய்வகம் ஒன்று மூடப்படும் தறுவாயில் குப்பைக்குப் போகவிருந்த நெகட்டிவை யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) ஆவணக்காப்பகம் காப்பாற்றி, 2010-இல் புதுப்பித்துத் தந்தது. பிரான்சில் இதை மறுபடி திரைக்குக் கொண்டுவர உழைத்தவர் நடிகை இசபெல் ஹுப்பர்ட். 'ஹெவன்ஸ் கேட்'டின் நாயகியும் அவரே.

சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' இதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது. யுசிஎல்ஏ மாணவராக இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், வார இறுதி நாள்களில், தெரிந்தவர்களையே நடிக்கவைத்து, 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த பட்டப்படிப்புப் படம். 1970-களின் பிற்பகுதியில் முடிந்தது. 2007 வரை முறையாக அரங்குகளில் வெளியாகவில்லை. தடையில்லை, கண்டனமில்லை. படத்தில் அவர் பயன்படுத்திய பாடல்களுக்கு உரிமத்தொகை கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான். பிறகு அந்த உரிமங்களுக்கு ஆன செலவு, படம் எடுத்த செலவைப்போல் பல மடங்கு. பணமின்மை ஒரு படத்தைத் தணிக்கைக் குழுவைவிட நீண்ட காலம் பூட்டிவைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்டான் ஆடு வெட்டும் கூடத்தில் வேலை செய்கிறவன். அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. கதை என்று கோத்துச் சொல்ல எதுவும் நடப்பதில்லை. சிறுவர்கள் கூரை விட்டுக் கூரை தாவுகிறார்கள், மனைவி காத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. ஸ்டானும் நண்பனும் ஒரு பழைய மோட்டார் எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி, மாடிப்படிகளில் முக்கி முனகி இறக்கி, வண்டியின் ஓரத்தில் வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்றால், விரல் நசுங்கிவிட்டது, இது போதும் என்கிறான் நண்பன். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வறுமையைப் பற்றி எத்தனையோ படங்கள் பேசியிருக்கின்றன. உழைத்துச் சேர்த்தது கடைசி அரை அடியில் கைநழுவும் விதத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது இந்த ஒரு காட்சிதான்.

இரண்டில் எது? 'கில்லர் ஆஃப் ஷீப்' கனிவான படம். குழந்தைகள் நிறைந்த படம். டைனா வாஷிங்டனின் குரலில் 'திஸ் பிட்டர் எர்த்' ஒலிக்க ஸ்டானும் மனைவியும் ஜன்னலோரம் மெல்ல ஆடும் காட்சிக்காகவே எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் அது கோவையான கதை எதிர்பார்ப்பவரைக் கொஞ்சம் அலையவிடும். 'வாண்டா'வில் ஒரு கொள்ளைக் கதையின் எலும்புக்கூடு இருக்கிறது. அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு யாரும் உள்ளே வந்துவிடலாம். அழகிலும் கனிவிலும் பர்னெட்டின் படம் ஒரு படி மேல் என்றே நினைக்கிறேன். புதிதாக வருபவருக்கு வழிவிடுவதில் லோடனின் படம் மேல்.

ஆறாவது படம் என் பாகுபாட்டையே கொஞ்சம் குலைக்கிறது. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தமிழ்ப் படம். புணே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்த ஜான் ஒரு மலையாளி. மொத்தம் நான்கு முழுநீளப் படங்கள் எடுத்து, 1987-இல் இறந்தார். திரைக்கதையில் விமர்சகர் வெங்கட் சாமிநாதனின் எழுத்து. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. 1989-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்தபோது எதிர்ப்பு வந்து, ஒளிபரப்பு கைவிடப்பட்டது. ஒரே படம் முதலில் அலட்சியத்தையும் பிறகு எதிர்ப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டி பேராசிரியர் நாராயணசாமியிடம் வந்து சேர்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்தான் பேராசிரியராக நடித்தவர். கல்லூரியில் கேலி பேசுகிறார்கள் என்று அதைத் தன் சொந்த ஊரான அக்ரஹாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். வாய்பேச முடியாத உமா என்ற பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் நடக்கும் ஒவ்வொரு தீங்குக்கும் கழுதைமேல் பழி விழுகிறது. கடைசியில் அதை அடித்துக் கொல்கிறார்கள். அதன்பின் நல்லது ஏதோ நடக்க, அதுவும் கழுதையால்தான் என்று முடிவுகட்டி, கொன்றதையே தெய்வமாக்க முற்படுகிறார்கள்.

மறுபார்வை என்ற செயலை இதைவிடக் கூர்மையாக எந்தப் படமும் விசாரித்ததில்லை என்று நினைக்கிறேன். பழி சுமத்தியபோதும் அந்த ஊர் கழுதையைப் பார்க்கவில்லை, கும்பிடும்போதும் பார்க்கவில்லை. பவலைச் சாக்கடைக்கு அனுப்பிய குரலுக்கும், சிமினோவின் படத்தில் குறையே இல்லை என்று இன்று அடித்துப் பேசும் குரலுக்கும் இந்த ஒற்றுமை உண்டு. உமா மட்டும்தான் அந்தப் பிராணிக்குத் தீனி வைத்தவள், தடவிக் கொடுத்தவள். அவளுக்குப் பேச்சில்லை என்பதை ஜான் தற்செயலாக வைத்திருக்க மாட்டார்.

தொழில்நுட்பத்தில் குறைகள் உண்டு. நடிப்பு பல இடங்களில் சமமாக இல்லை. நான் பார்த்த பிரதியும் தேய்ந்தது. அதையெல்லாம் மீறி, தமிழில் பேசி, தமிழ்ச் சமூகத்தின் ஒரு மூலையை இவ்வளவு அச்சமின்றிப் பார்த்த படங்கள் அரிது. மொழிபெயர்ப்பு வரிகளைப் படிக்க வேண்டியதில்லை என்ற வசதியும் நமக்கு இருக்கிறது.

முடிவுக்கு வருகிறேன். முதலில் 'வாண்டா'. அதைப் பற்றி இதற்குமேல் எதுவும் படிக்காமல் பாருங்கள். அடுத்தது 'அக்ரஹாரத்தில் கழுதை'. இருப்பதில் நல்ல பிரதியைத் தேடிப் பிடிக்கும் உழைப்புக்கு அது தகுதியானது. இந்த இரண்டுக்கும் பிறகு 'பீப்பிங் டாம்' பார்த்தால், தீர்ப்புச் சொல்லும் ஆசை ஓரளவு அடங்கியிருக்கும். அந்தப் பார்வையற்ற தாய் உங்கள் கண்ணில் படுவாள். குழுவாகத் திரையிட்டுப் பேசத் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: அவர்களுக்கு 'கமிஸார்' முதலில் வரட்டும், திரையிடலுக்கு முன் பத்து நிமிடம் வரலாறு சொல்லிவிட்டு. 'கில்லர் ஆஃப் ஷீப்' எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், தனியாகப் பார்ப்பது மேல்.

'ஹெவன்ஸ் கேட்'டைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு முழு விடுமுறை நாளின் பகலில், 216 நிமிட வடிவத்தில், பெரிய திரை வாய்த்தால் அதில். 149 நிமிடப் பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் அன்றைக்கு அதைப் பார்க்க வேண்டாம். முழுப் பிரதி கிடைக்கும்வரை 'வாண்டா'வை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.